இரண்டு ஆபீஸ், ஒரு வீடு: எங்கே குடியிருப்பது?

கணவனுக்கு ஊரின் ஒரு மூலையில் வேலை, மனைவிக்கு இன்னொரு மூலையில் வேலை. வீடு எங்கே பார்ப்பது? யாரைக் கேட்டாலும் "நடுவுல பாத்துக்கோங்க" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த "நடு" அவ்வளவு நேரான விஷயம் இல்லை.

எங்கள் வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு சிறுசேரி சிப்காட். மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். மேப்பில் நேர்கோடு போட்டால் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அதன் நடுப்புள்ளி ஏறக்குறைய மடிப்பாக்கத்தில் விழுகிறது.

கூட்டிப் பார்த்தால்

மடிப்பாக்கத்தில் குடியிருந்தால் எனக்கு 15, அவருக்கு 15, மொத்தம் 30. சிறுசேரியிலேயே வீடு என்றால் எனக்கு 0, அவருக்கு 30. அதுவும் மொத்தம் 30தான். கோட்டின் மேல் எங்கே புள்ளி வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. கோட்டை விட்டு விலகினால்தான் கூடும். கூட்டுத்தொகை 35 வரும் இடங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு நீள்வட்டம் கிடைக்கும், இரண்டு ஆபீஸும் அதன் குவியங்கள். இரண்டு ஆணி அடித்து, நூலைக் கட்டி, பென்சிலால் சுற்றி வரைவோமே, அதேதான். தாம்பரம் கிட்டத்தட்ட இந்த 35 வட்டத்தின் மேல் வரும்.

ஆக, மொத்தப் பயணத்தைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நடுவுக்கு எந்தத் தனிச்சிறப்பும் கிடையாது.

51க்கு 49

இப்போது ஒரு சின்ன மாற்றம். "அவருக்குச் சம்பளம் கொஞ்சம் கூட, அவர் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்போம்" என்று குடும்பம் நினைக்கிறது. ரொம்ப இல்லை, 51க்கு 49. தூரத்தை இந்த எடையால் பெருக்கிக் கூட்டுவோம்.

மடிப்பாக்கம்: 51 × 15 + 49 × 15 = 1500
சிறுசேரி: 51 × 0 + 49 × 30 = 1470
அம்பத்தூர்: 51 × 30 + 49 × 0 = 1530

சிறுசேரி ஜெயிக்கிறது. எடை 51க்கு 49தான், ஆனால் வீடு நூறு சதவீதம் ஒருவர் பக்கம் போய்விட்டது. 1909ல் ஜெர்மன் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வேபர் தொழிற்சாலையை எங்கே அமைப்பது என்று ஆராய்ந்தபோது போட்டதும் இந்த வகைக் கணக்குதான். இரண்டே புள்ளிகள் என்றால் எடை கூடின பக்கமே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

நம்மூரில் பெரும்பாலான வீடுகள் கணவனின் ஆபீஸுக்குப் பக்கத்தில் அமைவதற்கும், மனைவி இரண்டு பஸ் மாறிப் போவதற்கும் பெரிய அநியாயம் எதுவும் தேவையில்லை என்பது இதிலிருந்து புரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த 2 புள்ளி வித்தியாசமே போதும்.

சம்பளத்தை எடையாக வைப்பதே சரியா என்றும் கேட்கலாம். சம்பளம் வேலை செய்யும் நேரத்துக்குத்தான். சிக்னலில் நிற்கும் ஒரு மணி நேரம் இருவருக்கும் ஒரே நஷ்டம்.

வர்க்கம் போட்டுப் பாருங்கள்

வேபர் கணக்கில் நகர்வது நிலக்கரியும் இரும்பும். 30 கிலோமீட்டர் போனாலும் நிலக்கரிக்கு அலுப்புத் தட்டாது. மனிதர்களுக்கு முதல் அரை மணியைவிட மூன்றாவது அரை மணி அதிகம் வலிக்கும். அதைக் கணக்கில் கொண்டுவர எளிய வழி, தூரத்தை வர்க்கம் எடுத்துக் கூட்டுவது.

0, 30 என்றால் 900
10, 20 என்றால் 500
15, 15 என்றால் 450

இப்போது நடுவுக்கு மதிப்பு வந்துவிட்டது. 51க்கு 49 எடை போட்டாலும் வீடு வெறும் 300 மீட்டர்தான் நகரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 450க்கும் 500க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது சரியான நடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. நடுவில் பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கிறது. அதற்குள் வாடகை, தண்ணீர், மழைக்கு வெள்ளம் நிற்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கிலோமீட்டர் வேண்டாம், நிமிடம்

அடுத்து, கிலோமீட்டரை எடுத்துவிட்டு நிமிடத்தைப் போடவேண்டும். வேலைநாள் காலையில் நாங்களே ஓட்டிப் பார்த்தோம். மடிப்பாக்கத்திலிருந்து எனக்கு 50 நிமிடம், அவருக்கு 80. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரிலிருந்து எனக்கு 60, அவருக்கு 55. வர்க்கக் கணக்கில் மடிப்பாக்கம் 8900, பெருங்களத்தூர் 6625. மேப்பில் கோட்டை விட்டு விலகி இருக்கும் ஊர் ஜெயித்ததற்குக் காரணம் சாலைகள். சென்னை பைபாஸ் பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் போகிறது. எனக்கு வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. இருவரும் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால்

இவ்வளவுக்கும் பிடிபடாத ஒன்று பாக்கி இருக்கிறது. "பாப்பாவுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால், கூட்டுத்தொகையும் வேண்டாம், வர்க்கமும் வேண்டாம். இருவரில் யார் சீக்கிரம் வரமுடியும் என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கணக்குப்படி யாராவது ஒருவர் ஆபீஸ் பக்கத்திலேயே வீடு இருப்பதுதான் நல்லது.

ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரே போகவேண்டிவரும். வருடத்தில் பத்து அரைநாள் லீவு, தள்ளிப்போகும் மீட்டிங், கைநழுவும் புரமோஷன் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அதனால் இந்தப் பிரச்சினையை வீட்டின் இடத்தால் தீர்க்காமல் வேறு வழியில் தீர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். பள்ளியை வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் பார்ப்பது, அவசரத்துக்குப் போகக்கூடிய பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ இருக்கும் தெருவாகப் பார்ப்பது, யார் போவது என்று முறைவைத்துக்கொள்வது. ஆபீஸ்களை நம்மால் நகர்த்தமுடியாது, பள்ளியைத் தேர்ந்தெடுக்கமுடியும்.

கடைசியாக ஒன்று. எடை கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், எந்த வேலை இடம் மாறாது என்று பாருங்கள். ஐ.டி. வேலையில் கம்பெனி மாறும், ஆபீஸ் மாறும். என் மனைவியின் ஆய்வகம் எங்கேயும் போகப்போவதில்லை. நாங்கள் பெருங்களத்தூரில் வாடகைக்குத்தான் இருக்கிறோம். சொந்த வீடு என்று பார்க்கும்போது அம்பத்தூர் பக்கம் நகர்வதாக முடிவு.