வெண்டைக்காய் வெளுத்தால் நட்டம் யாருக்கு?

தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் மூட்டையைப் பிரித்தால், பச்சை போய் வெளிறிய காய்கள் சில சமயம் கலந்திருப்பதை வணிக நண்பர்கள் அறிவீர்கள். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் அதைத் தொடமாட்டார். நாமும் கழிவு என்று ஒதுக்கி, விவசாயிக்குத் தரும் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம். "ஒழுங்காக மருந்து அடிக்கவில்லை" என்று அவரையே குறை சொல்வதும் உண்டு.

அது நியாயமல்ல. இது மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய். வெள்ளை ஈ செடிக்குச் செடி பரப்புகிறது. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. ஈயைக் கொல்ல மீண்டும் மீண்டும் அடித்தால் செலவும், காயில் தங்கும் நஞ்சும்தான் மிச்சம். முளைத்த 35 நாளுக்குள் நோய் தாக்கினால் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடலாம். படப்பை, மணிமங்கலம் பக்கம் அரை ஏக்கர் பயிரிடுபவருக்கு இது தாங்கக்கூடிய அடியா?

ஆகவே வழி விதையில்தான் இருக்கிறது. டெல்லி விஞ்ஞானிகள் 1950-களின் இறுதியில் தந்த 'பூசா சவானி' ரகம் நோயைத் தாங்கி நாடெங்கும் பரவியது. பிறகு அதுவும் நோய்க்குப் பணிந்தது. அடுத்து காட்டு வெண்டையோடு ஒட்டுச் சேர்த்து மராட்டியத்தில் 'பர்பானி கிராந்தி'யும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் 'அர்க்கா அனாமிகா'வும் உருவாயின. அனாமிகாவும் சில இடங்களில் தளர்ந்துவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'கோ 4' என்ற வீரிய ஒட்டு வெண்டையைத் தந்துள்ளது. ஆனால் வீரிய ஒட்டில் விதை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சிறு விவசாயி தயங்குவது இங்கேதான்.

நம்மில் சிலர் மளிகையோடு விதையும் விற்கிறோம். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உரிமம் வேண்டும். சாக்கிலிருந்து அள்ளி வெறும் 'வெண்டை விதை' என்று தருவதை நிறுத்த வேண்டும். ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், பரிசோதனை தேதி அச்சிட்ட பாக்கெட்டையே கொடுங்கள். பில்லில் ரகத்தையும் எழுதுங்கள். காய் வாங்கும்போதும் என்ன ரகம் என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். எந்த ரகம் எந்த மாதம் வெளுத்து வந்தது என்ற அந்தக் குறிப்பு, அடுத்த போகத்துக்கு விதை கேட்டு வரும் விவசாயிக்குப் பயன்படும்.