நாட்குறிப்பிலிருந்து நாவலுக்கு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் இங்கு நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழா பெயர்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம்பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கிவைப்பது மரபாக இருந்தது; இன்று துணைநிலை ஆளுநர் அம்மரபைத் தொடர்கிறார். வடம்பிடித்த ஆளுநர்கள் யாவர் என்பதை ஆவணங்களில் தேடி அறியலாம். அவர்களுக்குப் பின்னே நின்று தேரை நிலைசேர்த்த ஆயிரக்கணக்கான கைகள் யாருடையவை? வாழ்ந்த மனிதர்களைக் கதைமாந்தராக்க முனையும் நாவலாசிரியர் இவ்விரு வகையினரையும் எதிர்கொள்கிறார். ஒரு சிலரைப் பற்றிச் செய்திகள் மிகுதி. பலரைப் பற்றிச் செய்தியே இல்லை.

செய்திகள் மிகுந்த நிலைக்குப் புதுச்சேரியிலேயே சிறந்த சான்று உண்டு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாகப் பணியாற்றியவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). துபாஷி என்பவர் இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர். வணிகத் தரகரும் அவரே, அரசியல் தூதரும் அவரே. பிள்ளை 1736ஆம் ஆண்டு தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வருகை, முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, சரக்கு விலை, ஆளுநர் மாளிகையில் நடந்த உரையாடல், தெருவில் உலவிய வதந்தி என அதில் இடம்பெறாத செய்தி குறைவு.

இந்நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்கள். பின்னது 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சனுக்குப் பிள்ளை நடந்த தெருக்கள் தம் சொந்த ஊரின் தெருக்களே.

இவ்வளவு செய்திகள் கையில் இருக்கும்போது நாவலாசிரியருக்கு எஞ்சிய வேலைதான் என்ன என்று நீங்கள் வினவலாம். நாட்குறிப்பு ஒருவருடைய கண்ணால் கண்ட உலகம் என்பதில் விடை தொடங்குகிறது. துய்ப்ளேயின் மனைவி ழான், புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். அவர்மீது பிள்ளைக்கு நல்லெண்ணம் இல்லை. தமக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியாரும் பிள்ளைக்குப் போட்டியாளரே. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயர நிகழ்வையும் அவர் தம் நிலையில் நின்றே எழுதுகிறார். குறிப்புகளை அப்படியே நம்பினால், ழான் கொடியவராக மட்டுமே நாவலுக்குள் நுழைவார். தாம் பிறந்த ஊரில் ஆளும் இனத்தின் தலைவியாக வாழ்ந்த ஒரு பெண் எதற்கு அஞ்சினார், எதை விரும்பினார் என்பதைப் பிள்ளையின் ஏடு கூறாது. நாவலாசிரியர் நுழையும் வாயில் அந்த மௌனமே. வாழ்ந்த மனிதர் சொன்ன சொல் ஆவணத்தில் கிடைக்கும். சொல்லாமல் விழுங்கிய சொல்லை எழுத்தாளரே தேட வேண்டும். அப்படித் தேடும்போது தவறு நேர்ந்தால் மறுத்துரைக்க அம்மனிதர் உயிருடன் இல்லை. வரலாற்று நாவலாசிரியரின் பொறுப்பு கூடுவதும் இதனால்தான்.

நாட்குறிப்பின் மொழியும் ஒரு கொடை. ‘முசே’, ‘மதாம்’ போன்ற பிரெஞ்சுச் சொற்கள் புதுவைப் பேச்சுத்தமிழோடு கலந்து அதில் வழங்குகின்றன. ஒருவரை உயிர்ப்பிக்க அவருடைய உடையை விவரிப்பதைக் காட்டிலும் அவருடைய பேச்சைக் கேட்கச் செய்வது மேலானது என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான நிலையில் நின்றவர் கல்கி. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் எனக் குறிக்கிறது. அந்தச் சிறு குறிப்பைச் சுற்றித் துடுக்கும் குறும்பும் வீரமும் கொண்ட இளைஞன் ஒருவனை ‘பொன்னியின் செல்வ’னில் அவர் படைத்தார். அவனைச் சூழ நந்தினி போன்ற கற்பனை மாந்தரும் வந்தனர். செய்தி குறைந்ததால் கற்பனைக்கு இடம் கூடியது. இன்று பலர் கல்கியின் வந்தியத்தேவனையே வரலாற்று மனிதன் என நம்புவது வேறு கதை.

உயிருடன் இருப்போரைக் கதைமாந்தராக்குவது இன்னும் கடினமானது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் கடனுக்காகச் சிறைசென்ற தம் தந்தையை ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் மிக்காபராக்கினார். கையில் காசின்றியும் நாளை நன்றாக விடியும் என நம்பும் அம்மாந்தரை வாசகர்கள் விரும்பினர். அதே நாவலில் வரும் மிஸ் மௌச்சர் என்னும் குள்ள உருவப் பெண்ணோ சிக்கலை உண்டாக்கினார். நாவல் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தபோது, டிக்கன்ஸின் வீட்டருகே வசித்த பெண்மணி ஒருவர் அதில் தம்மையே கண்டு மனம் நொந்து கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் வருந்தி, பிற்பகுதியில் அம்மாந்தரை நற்பண்பினராக மாற்றியமைத்தார். எழுத்தாளர் ஒருவரின் உருவத்தையும் மற்றொருவரின் குணத்தையும் வேறொருவரின் துயரத்தையும் கலந்து புதியவரை உருவாக்குவதற்குக் கலைநயம் மட்டும் காரணமன்று. பிறர் மனம் புண்படலாகாது என்னும் எண்ணமும் காரணமே. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ், ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் ஊரையே ஆமந்துறை எனப் புனைந்துகொண்டார்.

இனிப் பெயரற்றவர்களைப் பார்ப்போம். அக்காலப் புதுச்சேரியில் கப்பல் கரையை அணையும் துறைமுகம் இல்லை. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களும் சரக்கும் ‘சலங்கு’ எனப்பட்ட படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர்ந்தன. இறங்கிவந்த துரையின் பெயர் ஏட்டில் உண்டு. துடுப்பு வலித்தவரின் பெயரைக் காண்பது அரிது. அவரைக் கதைமாந்தராக்க விரும்பும் எழுத்தாளர் ஆவணக்காப்பகத்திலிருந்து எழுந்து கடற்கரைக்கு வந்தாக வேண்டும். வாடை, கொண்டல் எனக் காற்றைப் பெயரிட்டழைக்கும் முதியவரிடம் பேச்சைப் பெறலாம். வலை பழுதுபார்ப்பவரிடம் விரல்களின் விரைவைப் பெறலாம். கடலுக்குச் சென்றவர் திரும்பும் வரை கரையையே நோக்கியிருக்கும் பெண்ணிடம் அந்தக் காத்திருப்பைப் பெறலாம். மூவரும் சேர்ந்தே 18ஆம் நூற்றாண்டுப் படகோட்டி ஒருவர் பிறப்பார்.

வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்குத் தமிழி எழுத்துகள் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. சிலவற்றில் ஆட்பெயர்கள் உள்ளன. அவ்வோட்டுக்கு உரியவருக்குப் பெயரேனும் எஞ்சியது. தேர்வடம் பிடித்த கைகளுக்கு அதுவும் இல்லை. அவர்களை எழுத விரும்புபவர் ஆடித் திருவிழா நாளில் வீராம்பட்டினம் வந்து, ஆளுநர் வடத்தை விட்டு விலகிய பின்னரும் கூட்டத்தோடு சற்று நேரம் நின்று பார்க்கலாம்.