கெருவாக்கின் கடற்கரை நாவல் பாடல்களான விதம்

ஒரு நாவலைத் திரைப்படமாக்குவோர் அதன் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். பாடல் தொகுப்பாக்குவோருக்கோ மூன்று நான்கு நிமிடங்களுக்குள் கதை சொல்லி முடிக்க இடமில்லை என்பதால், அவர்கள் அதன் வாக்கியங்களின் ஓசையையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த ஓசையைத் தம்மிடமே கொண்டிருக்கும் நாவல்கள் மிகச் சில. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெருவாக் 1962-இல் வெளியிட்ட ‘பிக் சர்’ அவற்றுள் ஒன்று என்பதை, அவருடைய மனைவி ஸ்டெல்லாவின் சகோதரர் மகனான ஜிம் சம்பாஸ் தயாரித்து 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘ஒன் ஃபாஸ்ட் மூவ் ஆர் ஐம் கான்’ என்னும் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஆல்பம் மெய்ப்பித்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆலை நகரமான லோவலில் 1922-இல் பிறந்த கெருவாக், போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் வசதியான குடும்ப வாழ்வை ஏற்க மறுத்து, பயணத்திலும் ஜாஸ் இசையிலும் பௌத்தத்திலும் விடை தேடிய ‘பீட் தலைமுறை’ எழுத்தாளர்களில் முதன்மையானவர். 1957-இல் வெளிவந்த ‘ஆன் தி ரோடு’ அவருக்குத் திடீர்ப் புகழைத் தந்தது. அந்தப் புகழ் அவரது குடிப்பழக்கத்தை மேலும் முற்றச் செய்தது. 1960-ஆம் ஆண்டு கோடையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையை நடத்திவந்த கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி, கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் பிக்ஸ்பி பள்ளத்தாக்கில் தமக்கிருந்த சிறு மரவீட்டை அவர் தங்குவதற்குக் கொடுத்தார். தனிமையில் தேறிவிடலாம் என்று வந்தவர், அங்கே மனம் சிதைந்து பயங்கரக் காட்சிகளைக் காணும் நிலைக்குப் போனார். அந்த அனுபவத்தை அடுத்த ஆண்டு சுமார் பத்தே நாட்களில் எழுதி முடித்த நாவல்தான் இது. ஜாக் டுலூஸ் என்னும் பெயரில் வரும் கதைசொல்லி கெருவாக்கேதான்.

இந்த உரைநடை பாடலாக இசைந்ததற்குக் காரணம் அதன் ஆக்கத்திலேயே இருக்கிறது. திருத்தாமல், மனம் ஓடும் வேகத்தில் எழுதிச் செல்லும் முறையைக் கெருவாக் ‘தன்னெழுச்சி உரைநடை’ என்று வகுத்து, சாக்ஸஃபோன் கலைஞர் ஒரு மூச்சில் எவ்வளவு வாசிக்கிறாரோ அவ்வளவே ஒரு சொற்றொடரின் நீளம் என்றும், மூச்சு வாங்கும் இடத்தை இலக்கணக் குறிகளைக் காட்டிலும் ஒரு நீள்கோடு நன்றாகக் காட்டும் என்றும் விளக்கினார். கண்ணால் படிப்பதற்கு மூச்சிரைக்கும்படி நீண்டு செல்லும் அவருடைய வாக்கியங்கள், வாய்விட்டுப் படிக்கும்போது தாமாகவே அடியடியாகப் பிரிந்து விழுவது இதனால்தான். அவரே 1959-இல் ஸ்டீவ் ஆலனின் பியானோவோடும், அல் கோன், ஸூட் சிம்ஸ் ஆகியோரின் சாக்ஸஃபோன்களோடும் தம் எழுத்தைப் படித்து இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறார். ‘பிக் சர்’ நாவலின் இறுதியிலோ, பசிபிக் கடலின் இரைச்சலைச் செவிவழி கேட்டு எழுத்தில் பிடிக்க முயன்ற நெடுங்கவிதை ஒன்றையும் இணைத்திருக்கிறார். பின்னால் வந்த இசைக்கலைஞர்கள் இந்த எழுத்துக்கு ஓசையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை இருக்கவில்லை.

கெருவாக் 1969-இல் இறந்தார். அவருடைய எழுத்துகளின் பொறுப்பு காலப்போக்கில் சம்பாஸ் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. 1997-இலேயே பல கலைஞர்களைக் கொண்டு கெருவாக்கின் எழுத்துகளைப் படிக்கவும் பாடவும் செய்து ஒரு தொகுப்பை உருவாக்கிய ஜிம் சம்பாஸ், ‘பிக் சர்’ பற்றிய ஆவணப்படம் ஒன்று உருவானபோது அதன் இசைக்காக இருவரை ஒன்று சேர்த்தார். ஒருவர் ஜே ஃபாரர். கிராமிய மணம் கொண்ட கண்ட்ரி இசையைப் பங்க் ராக் இசையின் முரட்டுத்தனத்தோடு கலந்த ‘ஆல்ட்-கண்ட்ரி’ என்னும் பாணிக்கு வழிவகுத்த அங்கிள் டுபெலோ குழுவின் நிறுவனர்களில் ஒருவர். மற்றவர் டெத் கேப் ஃபார் க்யூட்டி குழுவின் பாடகர் பென் கிப்பர்ட். கெருவாக்கின் வாசகரான அவர், பிக்ஸ்பி பள்ளத்தாக்குக்கே போய்த் தங்கி, அதன் பாலத்தின் பெயரில் 2008-இல் ஒரு பாடலும் வெளியிட்டிருந்தார். அதற்கு முன் சேர்ந்து பணியாற்றியிராத இவ்விருவரும் தொடங்கிய வேலை படத்தின் எல்லையைத் தாண்டி ஒரு முழு ஆல்பமாக வளர்ந்தது.

பெரும்பாலான பாடல்களை அமைத்த ஃபாரர், புதிதாக வரிகள் எழுதாமல், நாவலில் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்த சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்து அருகருகே வைத்து, அவற்றுள் ஒன்றைப் பல்லவி போலத் திரும்ப வரச் செய்தார். உரைநடையில் ஒரே முறை சொல்லப்பட்டுக் கடந்துபோகும் ஒரு சொற்றொடர், பாடலில் மீண்டும் மீண்டும் வரும்போது வேறொரு கனம் பெறுகிறது. ஆல்பத்தின் தலைப்பும் அப்படி நாவலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதே. முதல் பாடலான ‘கலிஃபோர்னியா ஸெஃபர்’, கதைசொல்லி சிகாகோவிலிருந்து மேற்கே வந்த ரயிலின் பெயரைத் தாங்குகிறது. ‘வில்லமைன்’ நாவலில் வரும் காதலியின் பெயர். கிப்பர்ட்டின் தெளிந்த உச்சக்குரலும் ஃபாரரின் தாழ்ந்து இழையும் குரலும் மாறி மாறி வருவதில், நம்பிக்கையோடு வந்து இறங்கிய மனிதரும் அங்கே உடைந்துபோன மனிதரும் ஒருவரே என்பது கேட்பவருக்குப் புலப்படுகிறது. இந்த ஆல்பத்தின் பெரும் வெற்றி இதுவே.

ஆயினும் நாவலின் முழுமை பாடல்களில் வந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ‘ஆன் தி ரோடு’ எழுதி ஒரு தலைமுறையையே சாலைக்கு இழுத்தவர், பிக் சரிலிருந்து திரும்பும் வழியில் கைகாட்டிக் கைகாட்டி, குடும்பத்தோடு செல்லும் கார்கள் ஒன்றுகூட நிற்காமல் போக, கால் கொப்பளிக்க நடக்கும் பகுதி நாவலில் உண்டு. கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைப் பக்கம் பக்கமாகப் படித்தால்தான் அதன் வேதனை ஏறும். பாடலின் சுருக்கம் அதற்கு இடம் தராது. மனச்சிதைவின் கடைசி இரவுகளும் மெல்லிய கிட்டார் இசையில் சற்றே இதமாகிவிடுகின்றன. அந்த இரவுகளை அவற்றின் முழுக் கொடுமையோடு அறிய விரும்புவோர் நாவலைத்தான் திறக்க வேண்டும்.