விவசாய வேலைன்னா ஏர் பிடிக்கிறது மட்டுமா? கொல்லிமலைச் சாமை சொல்லும் கதை

பிளஸ் டூ முடித்த சொந்தக்காரப் பையன் ஒருவன் கேட்டான்: "விவசாயத்துல என்னண்ணா வேலை இருக்கு? ஒண்ணு ஏர் பிடிக்கணும், இல்லேன்னா அக்ரி படிச்சு ஆபீசர் ஆகணும்." அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் குறிப்பு.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் அன்றாடச் சோறு ஒரு காலத்தில் சாமை, கேழ்வரகு, தினை. சாமையில் மட்டுமே மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகம். பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. கையில் காசு வந்தது. சாமைக் காடு சுருங்கியது.

காசு மட்டும்தான் காரணமா? இல்லை. சாமையின் உமி கெட்டி, மணியோ பொடிசு. சாதாரண நெல் மில்லில் அதை அரைக்க முடியாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, திரும்பவும் குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில். ரேஷன் அரிசி கைக்கெட்டும்போது யார் குத்துவார்கள்?

1988-இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் வேலை செய்தபோது, விதையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது என்பது தெரிந்தது. ஊரிலேயே விதை வங்கி வந்தது. கூடவே உமி நீக்கும் சிறிய இயந்திரங்களும் வந்தன. சுய உதவிக் குழுக்கள் அவற்றை ஓட்டின. பெண்கள் சாமை அரிசி, கேழ்வரகு மாவு, சத்துமாவு என்று பாக்கெட் போட்டு விற்றார்கள்.

இதில் எத்தனை வேலை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ரகம் பிரித்து விதை காப்பவர், மில் ஓட்டுபவர், அந்த மெஷினைப் பழுது பார்ப்பவர், ஈரப்பதம் பார்த்துத் தரம் பிரிப்பவர், கணக்கு எழுதுபவர், சந்தை பிடிப்பவர். பாதிக்கு மேல் பட்டம் தேவையில்லை, பழக்கம் தேவை.

ஆனால் இதெல்லாம் தானாக நிலைக்காது. மெஷின் ரிப்பேர் ஆகி, சரிசெய்ய மலைக்கு மேலே ஆள் இல்லையென்றால் சாமை மறுபடி உரலுக்குப் போகும். அடுத்த வருஷம் அந்தக் காட்டிலும் மரவள்ளிதான். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்தில் கிராக்கி கூடியது நல்லதுதான். ஆனால் உமி நீக்கும் வேலை மலையிலேயே நடந்தால்தான் கூலியும் அங்கே தங்கும்.

பையனிடம் கடைசியாகக் கேட்டேன்: "உனக்கு மெஷின் பிடிக்குமாடா?" "பிடிக்கும்ணா" என்றான். "அப்ப அதுவும் விவசாய வேலைதான்."