வீட்டு மின்சார வேலையும் கூலிக் கணக்கும்

பள்ளத்தூரிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்போர் பலர் உளர். ஓடு மாற்றுவதிலும் தளம் செப்பனிடுவதிலும் காட்டும் கருத்தை மின்சாரக் கம்பி வேலையில் காட்டுவோர் சிலரே. சுவரில் விரிசல் கண்டால் கண்ணுக்குத் தெரியும். கம்பியின் உறை நைந்திருப்பது தெரியாது. அதன் விளைவோ உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் இவ்வேலையை யாரிடம் ஒப்புவிப்பது, எவ்வாறு பணம் கொடுப்பது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, உரிமம். அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டே, தகுதிச் சான்று பெற்றவரின் நேர் மேற்பார்வையில் கம்பி வேலை நடைபெற வேண்டும் என 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதி கூறிற்று. விளக்கு, விசிறி, ஃபியூஸ் மாற்றுதல் போன்ற சிறு வேலைகளுக்கே விலக்கு உண்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகளும் இக்கட்டுப்பாட்டைத் தொடர்கின்றன. எனவே உரிமத்தை நேரில் பார்த்து, அதன் எண்ணையும் முடிவுத் தேதியையும் குறித்துக்கொள்க.

இரண்டாவது, மதிப்பீடு. வீட்டைப் பாராமல் சொல்லும் விலை விலையாகாது. செட்டிநாட்டுப் பழஞ்சுவர்களின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சை வெட்டிக் குழாய் பதித்தால், மீண்டும் அவ்வாறே பூசுவது எளிதன்று, செலவும் மிகுதி. உத்தரத்தையும் நிலையையும் ஒட்டி வெளிப்புறமாகக் குழாய் செல்லலாமா என்று முன்னரே பேசுக. எத்தனை பாயின்ட், பாயின்டுக்கு என்ன கூலி, சாமான் யார் பொறுப்பு, கம்பியின் கனம் என்ன என்பன காகிதத்தில் ஏற வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும், பவர் பிளக்குக்கு 2.5-உம் வழக்கமான அளவு. கம்பியில் ஐ.எஸ். 694 என்னும் தர எண் உள்ளதா என்றும் நோக்குக.

பங்காளிகள் பலருக்கு உரிமையுள்ள வீடாயின், மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்து வாங்குவது நன்று. மெயின் சுவிட்ச், எர்த், முகப்பு, வளவு ஆகியவை பொதுச் செலவு. அவரவர் அறை அவரவர் செலவு. வேலை தொடங்குமுன் இது தீர்ந்தால் பின்னர் மனத்தாங்கல் இராது.

மூன்றாவது, பணம் கொடுக்கும் முறை. நெய்த புடவையை அளந்து, இழை பார்த்து, குறையில்லை எனக் கண்டபின் கூலி கணக்கிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அம்முறையே இங்கும் பொருந்தும். நூறு ரூபாயில் இருபது முன்பணம். குழாய் வேலை முடிந்ததும் முப்பது. கம்பி இழுத்ததும் முப்பது. எஞ்சிய இருபது சோதனைக்குப் பின் என ஒப்பந்தத்தில் எழுதலாம். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது பெறுக. இடையில் கூடிய வேலைக்கு, அன்றே விலை பேசி அதே காகிதத்தில் சேர்த்திடுக.

சோதனை என்பது விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதன்று. மெக்கர் கருவியால் காப்புத்தடையை அளந்தால் ஒரு மெகாஓமுக்குக் குறையலாகாது. மின்கசிவைத் தடுக்கும் 30 மில்லிஆம்பியர் சாதனத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் மின்சாரம் நிற்க வேண்டும். எர்த் இணைப்பையும் அளந்து காட்டச் சொல்லுக. கோடையில் மண் வறண்டால் அதன் ஆற்றல் குன்றும். ஆதலின் எர்த் குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றுதல் வேண்டும். அளவுகளைக் குறித்து ஒப்பந்தக்காரர் கையொப்பமிட்ட அறிக்கையை வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள்.

இவையெல்லாம் நிறைவேறியபின் கடைசித் தவணையை ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கூலி நிலுவையானால் அடுப்பில் பூனை உறங்கும் என்பதைத் தறிக்காரரும் உழவரும் பிறர் சொல்லி அறிய வேண்டுவதில்லை. வேலைக்கு முன்னே முழுப்பணம் கொடுப்பவர் தம்மை இழக்கிறார்; முடிந்தபின் இழுத்தடிப்பவர் நல்ல தொழிலாளியை இழக்கிறார். அளந்து வாங்கி, அன்றே கொடுப்பதே இருவருக்கும் நன்மை தரும்.