உங்களுக்குத் தெரியுமா? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயும் ஸ்டெம் செல் சிகிச்சையும்

★ ஒரத்தநாட்டுப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ, ஒரு குழந்தைக்கு "பிளட் கேன்சராம்" என்று காதில் விழுந்தால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கிளம்புகிறவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. குழந்தைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏ.எல்.எல். முழுச் சிகிச்சை கிடைக்கிற நாடுகளில் இந்நோய் வந்த 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் பிழைத்துப் படித்து வேலைக்கும் போகிறார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு, இரண்டரை வருடக் கீமோவே போதும். மருந்துக்கு மசியாத நோய், போய்விட்டுத் திரும்பிய நோய், ஏ.எம்.எல். எனும் இன்னொரு வகையில் சில: இவற்றுக்குத்தான் ஸ்டெம் செல் மாற்றம், அதாவது ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே மாற்றுவது.

★ காவிரி டெல்டாவில் வாசலோரத்திலும் இடுகாட்டு ஓரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிறதே, நித்யகல்யாணி? சிலர் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டில் வைக்க மாட்டார்கள். ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு இன்றும் முதல் வாரத்திலேயே ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் மருந்து அந்தச் செடியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1963-ல் அனுமதி பெற்றது. (இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம். செடி நஞ்சு. பெரும் அளவு இலையிலிருந்து மிகக் கொஞ்சமாகப் பிரித்து, சுத்தம் செய்து, மில்லிகிராமில் அளந்து கொடுப்பதால்தான் மருந்து.)

★ சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் தன் குழுவோடு உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேர் சில மாதங்களுக்காவது தேறினார்கள். அந்தக் கட்டுரை 1948-ல் வெளியானது. அதுவரை இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இன்றும் சிகிச்சையில் இருக்கிறது.

★ இந்தியாவின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் 1983 மார்ச்சில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், ஏ.எம்.எல். வந்த 9 வயதுச் சிறுமிக்கு நடந்தது. செய்தவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. சிறுவயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் படித்தவர். மூன்று வருடத்தில், 1986-ல், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டி இதைத் தொடங்கினார். அங்கே முதலில் பயன் பெற்றது தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள குழந்தை. நம் பக்கத்து ஜனங்களுக்கு "போன் மேரோ" என்றதும் வேலூர் நினைவுக்கு வருவதற்கு இந்த நாற்பது வருட உழைப்பே காரணம்.

★ "மாற்று அறுவை சிகிச்சை" என்று எழுதுகிறோமே, குழந்தைக்கு அறுவையே கிடையாது. கழுத்துக்குக் கீழே போட்ட குழாய் வழியாக ஒரு பை ரத்தம் ஏறுவதுபோல் இறங்கும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ரத்தத்தில் கலந்த ஸ்டெம் செல்கள் தாமே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன. உறைய வைத்துப் பாதுகாத்த செல்கள் என்றால், அவற்றோடு சேர்த்த ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும்.

அந்த நாளுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் "டே ஜீரோ". பிறகு பெற்றோர் தினமும் கேட்பது ஒரே எண்தான்: நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) எத்தனை? பூஜ்யத்திலேயே கிடக்கும். ஒரு வாரம், பத்து நாள், இன்னும் பூஜ்யம். பிறகு 40, 110, 260 என்று நகரும். தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் நின்றால் செல்கள் பிடித்துக்கொண்டதாகக் கணக்கு. ரிப்போர்ட் வாசிக்கத் தெரியாத அம்மாக்களும் இந்த 500-ஐ நர்சிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

★ புதிய செல்களை ஏற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை அழித்தாக வேண்டும். நடவுக்கு முன் புல் பூண்டு மிச்சமில்லாமல் சேடை ஓட்டுவதுபோல. இதை உடல் முழுவதும் கதிர்வீச்சு கொடுத்துச் செய்யலாம், கீமோ மருந்துகளாலும் செய்யலாம். கதிர்வீச்சு குழந்தையின் வளர்ச்சியையும் பின்னாளைய குழந்தைப்பேற்றையும் பாதிக்கும். ஆகவே மருந்தே போதும் என்று ஆகிவிடாதா என ஆராய்ச்சியாளர்கள் ஆசைப்பட்டார்கள். வியன்னாவின் கிறிஸ்டினா பீட்டர்ஸ் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து ஃபோரம் என்ற ஆய்வை நடத்தின. 4 வயதுக்கு மேற்பட்ட ஏ.எல்.எல். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: கதிர்வீச்சுப் பிரிவில் 91 சதவீதம், மருந்துப் பிரிவில் 75. வித்தியாசம் தெரிந்ததும் குலுக்கலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஆசைப்பட்ட விடை வரவில்லை. ஆனாலும் அந்த விடையால் இன்று எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

★ அண்ணன், தம்பி, அக்கா, தங்கை: ஒவ்வொருவருக்கும் ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் முழுதாகப் பொருந்த 4-ல் 1 வாய்ப்பு. நான்கைந்து பிள்ளைகள் இருந்த காலத்தில் அது பரவாயில்லை. இப்போது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆனால் பெற்ற தாயும் தகப்பனும் எப்போதும் பாதி பொருந்துவார்கள். அந்தப் பாதிப் பொருத்தத்தை ஒரு காலத்தில் தொடவே பயந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்தால் குழந்தையின் உடலோடு சண்டைக்கு நிற்கும் செல்கள் மட்டும் அழிகின்றன என்று கண்டார்கள். அது பழைய மருந்து, விலையும் குறைவு. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு வேறு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

★ அக்காவின் செல்லை வாங்கிக்கொண்ட தம்பியின் ரத்தத்தைச் சோதித்தால் பெண்ணுக்குரிய எக்ஸ் எக்ஸ் குரோமோசோம் தெரியும். ரத்த வகையும் மெல்ல அக்காவுடையதாக மாறும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

★ வந்த செல்கள் சில நேரம் குழந்தையின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கும். ஆபத்தான சிக்கல்தான். ஆனால் அதே குணம்தான் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் தேடிப் பிடித்து அழிக்கிறது. ஒன்றை அடக்கி மற்றதை விட்டுவைப்பது எப்படி என்பதே இந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி.

★ வீடு திரும்பிய பிறகு டெல்டாக் குழந்தைக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: வைக்கோல். ஈர வைக்கோலிலும் தானியத் தூசியிலும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் உண்டு. நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி இன்னும் ஊறாத குழந்தைக்கு நுரையீரலில் போய் முளைத்துவிடும். ஆஸ்பத்திரியில் வடிகட்டிய காற்றுள்ள அறையில் வைத்தது இதற்காகத்தான். ஆகவே தை மாதச் சம்பா அறுவடையின்போது, மிஷின் ஓடுகிற வயலோரமும் நெல் தூற்றுகிற களமும் கொள்முதல் நிலையத்து நெல் குவியலும் மாட்டுக் கொட்டிலும் வேண்டாம். பழைய சோறும் நீராகாரமும்கூட மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்கட்டும். "கிராமத்துக் காற்று நல்லது" என்று சொல்லிக்கொண்டு வரும் சொந்தக்காரர்களிடம் இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும்.

★ வளைகாப்பு முடிந்த கையோடு, தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொல்லி யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள். 1988-ல் பாரிஸில் எலியான் க்ளுக்மான் செய்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றத்தில், ஃபான்கோனி ரத்தசோகை வந்த சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய ரத்தத்தை அல்ல, புதிதாய்ப் பிறந்த தங்கையுடையதை. லுகேமியாவுக்குத் தன் கொடி ரத்தம் தனக்கே உதவும் என்பதில் சாரமில்லை. பல குழந்தைகளிடம் நோயின் முதல் மரபணுப் பிழை பிறக்கும்போதே இருந்ததை, பிறந்தவுடன் எடுத்து வைத்த ரத்தப் பொட்டுகளை ஆராய்ந்து இங்கிலாந்தின் மெல் கிரீவ்ஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். சேமித்த ரத்தத்திலும் அதே பிழை இருக்கலாம். பின்னாளில் தானே பயன்படுத்திக்கொள்ளவென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடும். கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

★ குடும்பத்தில் யாரும் முழுதாகப் பொருந்தாதபோது தேடுவது, ஸ்டெம் செல் தானம் தர முன்வந்தவர்களின் பதிவேட்டில். உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய இந்தியாவில் சில லட்சம்தான். ஹெச்.எல்.ஏ. வம்சாவளியோடு வருவது. திருவாரூர்க் குழந்தைக்கு ஜெர்மனியில் பொருத்தம் கிடைப்பதைவிடத் தமிழர்களிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் 18 வயது முதல் 50 வயதுவரை சேரலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்ப்பதோடு பதிவு முடிந்தது. என்றாவது அழைப்பு வந்தால், சில நாள் ஊசி. பிறகு ஒரு கையில் ரத்தம் போய் மறுகையில் திரும்பி வர மூன்று நான்கு மணி நேரம். தஞ்சை, கும்பகோணம் பக்கம் ரத்ததான முகாம் நடத்தாத கல்லூரியைக் காண்பது அரிது. அதே பந்தலில் இதற்கும் ஒரு மேசை போடலாமே?

★ குழந்தை விழாமலே உடம்பில் நீலத் திட்டுகள், வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறிய உதடு, இரவில் கால் வலி என்று அழுகை. டைபாய்டு, டெங்கு என்று இரண்டு மூன்று இடங்களில் பார்த்தும் தீராவிட்டால், ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஸ்மியரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தஞ்சை அரசு ராசா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே போகலாம். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம். அது லுகேமியாவைத் தற்காலிகமாக மறைத்துக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

★ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-களின் நடுவிலிருந்து அடையாறும் மும்பை டாடாவும் டெல்லி எய்ம்ஸும் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றியதில் ஏ.எல்.எல். குழந்தைகள் பிழைக்கும் விகிதம் வெகுவாக உயர்ந்தது. அந்த இருபது வருட அனுபவத்தை எழுதியவர்களில் அடையாறு மருத்துவமனையின் டாக்டர் சாந்தாவும் ஒருவர்.

★ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றமும் உண்டு. சென்னையிலும் வேலூரிலும் மாதக்கணக்கில் தங்க வேண்டிய குழந்தைகளின் குடும்பங்களுக்கு செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் இலவசமாக இடம் தருகின்றன. தஞ்சையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறினால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வேயின் சான்றுப் படிவத்தைச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கேட்டு, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.