யாருக்கு யார் விசுவாசம்? – ஒரு மேல்முறையீடு குறித்து

தமிழில் விசுவாசம் என்பது கீழிருந்து மேல்நோக்கிப் போகிற சொல். பண்ணையாள் ஆண்டையிடம் காட்ட வேண்டியது அது; நாய்க்கும் அதையேதான் சொல்கிறோம். ஆங்கிலச் சட்டத்தின் நம்பகக் கடமை இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது. அடுத்தவருடைய சொத்தோ காரியமோ யார் கையில் இருக்கிறதோ, அந்த மேல்கைதான் விசுவாசமாக இருந்தாக வேண்டும். 1726-இல் கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட் வழக்கில், ஒரு சிறுவனுக்காகச் சந்தைக் குத்தகையை வைத்திருந்தவர், உடைமையாளர் பையன் பேருக்குப் புதுப்பிக்க மறுத்துவிட்டதால் தன் பேருக்கே எடுத்துக்கொண்டார். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த லாபம் பையனுக்கே என்றது நீதிமன்றம்.

இந்தக் கடமை வியாபாரத்துக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம்? பிரிட்டனின் கார்க் கடன் வழக்குகளில் எழுந்த கேள்வி இதுதான். கார் விற்கிற டீலரே லோனும் பிடித்துத் தருகிறார். அதற்கு ஃபைனான்ஸ் கம்பெனி அவருக்குக் கமிஷன் தருகிறது. வாங்குகிறவருக்கு அது சொல்லப்படுவதில்லை, அல்லது பத்திரத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் (நம்மில் யார் முழுசாகப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்?). லோன் பிடித்துத் தருகிற வேலையில் டீலருக்கு நம்பகக் கடமை உண்டு, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் வாங்கிய கமிஷனுக்குக் கடன் கம்பெனியும் பொறுப்பு என்று 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. நிதி அமைச்சகமே வழக்கில் தலையிட அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்பு வந்தது. மூன்று தரப்பும் அவரவர் லாபத்தைப் பார்த்துப் பேரம் பேசியவர்கள். தன் லாபத்தை ஒதுக்கி வைப்பதாக டீலர் வாக்குக் கொடுக்கவேயில்லை. வாங்குகிறவர் நம்பினார், சார்ந்திருந்தார் என்பது மட்டும் போதாது. ஆகவே நம்பகக் கடமை இல்லை. லஞ்சத்துக்கு எதிரான பழைய வழக்குரிமையை அடியோடு ஒழிக்கும்படி கம்பெனிகள் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அதற்கும் நம்பகக் கடமை இருந்தாக வேண்டும் என்றுவிட்டது.

தர்க்கம் வலுவானதுதான், ஒத்துக்கொள்கிறேன். விற்கிறவனை அறங்காவலன் ஆக்கினால் அவன் எப்படி விற்பான்? ஆனால் இந்தத் தர்க்கம் தனக்கென்று ஒரு தன்னிலையைக் கட்டமைத்துக்கொள்கிறது: கணக்குத் தெரிந்த, பேரம் பேசத் தெரிந்த, யாரையும் நம்பாத வாங்குபவன். அப்படி இல்லாத மனிதர் அதே தீர்ப்பில் வேறு வழியாக உள்ளே வருகிறார். வழக்காடிய மூவரில் ஒருவருக்கு மட்டும் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின்படி வெற்றி. அவர் விஷயத்தில் கமிஷன் 1,650.95 பவுண்டு; கடனுக்கான மொத்தக் கட்டணத்தில் 55 சதவீதம். பல கம்பெனிகளில் தேடித் தருவதுபோலப் பத்திரம் காட்டிற்று. உண்மையில் ஒரே கம்பெனிக்கு முதலுரிமை தரப்பட்டிருந்தது. இந்த உறவு நியாயமற்றது, கமிஷனை வட்டியோடு கொடு என்றது நீதிமன்றம்.

இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் இல்லை. நம்பகக் கடமை என்றால், ‘நான் சொன்னேன், அவர் சம்மதித்தார்’ என்று காட்ட வேண்டிய பாடு டீலருடையது. நியாயமற்ற உறவு என்று போனால், கமிஷன் எவ்வளவு, எதை மறைத்தார்கள், வாங்கியவர் எவ்வளவு விவரம் தெரியாதவர் என்று ஆளுக்கு ஆள் அலசியாக வேண்டும். அந்த அலசலில் தன்னுடைய அறியாமையையே சாட்சியாக நிறுத்த வேண்டியவர் வாங்கியவர்தான்.